காற்றுக்கு வழிவிட்ட வலை

(பட்டிமன்றத் தலைப்பு: சிற்பத்துக்கு அழகு நிலைத்து நிற்பதா? அசைந்து ஆடுவதா? ‘அசைந்து ஆடுவதே’ என்ற அணியில் பேசியது.)

நடுவர் அவர்களே! எதிரே மலைபோல் அமர்ந்திருக்கிற எதிரணி நண்பர்களே! அலைபோல் அசைந்துகொண்டிருக்கிற எங்கள் அணித் தோழர்களே! நாற்காலி கிடைத்தவர்களே, கிடைக்காமல் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர்களே! வீட்டிலே தொலைக்காட்சிக்கு முன்னால் தட்டும் கையுமாக உட்கார்ந்திருக்கிற தாய்மார்களே! 

எதிரணித் தலைவர் பேசும்போது கவனிச்சீங்களா? ‘ஆடாமல் அசையாமல் நிற்பதே அழகு’ன்னு அடிச்சுச் சொன்னார். சொல்லும்போது அவர் கை ஆடுது, தலை ஆடுது, தோளில் போட்ட துண்டு ஆடுது. பாவம், மைக்கும் சேர்ந்து ஆடிச்சு. கடைசிவரைக்கும் நகராம நின்னது ஒண்ணே ஒண்ணுதான். அவருடைய வாதம். (சிரிப்பு)

அவர் மாமல்லபுரத்தைச் சொன்னார். நல்லது. நானும் அங்கேதான் வரப் போகிறேன். ‘அந்த வெண்ணெய் உருண்டைப் பாறையைப் பாருங்கள், ஆயிரக்கணக்கான ஆண்டாகச் சரிவிலே நிற்கிறது, ஓர் அங்குலம் நகரவில்லை, அதுதான் அழகு’ என்றார். ஐயா, ஒன்று கேட்கிறேன். மாமல்லபுரத்திலே நகராத பாறை அது ஒன்றுதானா? ஊரே பாறைதானே! மற்ற பாறைக்கெல்லாம் முன்னால் நின்று யாராவது படம் எடுத்துக்கொள்கிறார்களா? அந்த ஒரு பாறைக்கு மட்டும் ஏன் கூட்டம்? உருண்டுவிடுமோ, இப்பவே உருண்டுவிடுமோ என்று தோன்றுகிறதே, அதற்குத்தான். கீழே நின்று கையால் தாங்குகிற மாதிரிப் படம் எடுத்துக்கொள்கிறான். நிற்பதற்காக அல்ல நடுவர் அவர்களே, அசையப் போவது போல இருப்பதற்காக வருகிறான். எதிரணியின் கல்லே எங்களுக்கு ஓட்டுப் போட்டுவிட்டது. (கைதட்டல்)

அடுத்துப் பேசின அம்மா, அருச்சுனன் தபசைச் சொன்னார்கள். உலகமே வியக்கும் கற்பலகை. நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பாறையின் நடுவிலே ஒரு பிளவு இருக்கிறதே, அதிலே நாகர்கள் மேலே ஏறி வருகிறார்களே, அது எதற்கு? மேலே நீர்த்தொட்டி இருந்தது, விழாக்காலத்திலே தண்ணீரைத் திறந்துவிட்டிருப்பார்கள் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அந்தத் தண்ணீர் வழியும்போது நாகம் நெளிகிற மாதிரி இருந்திருக்கும். பல்லவனுடைய சிற்பிக்கே, கல்லை மட்டும் வைத்தால் போதவில்லை. ஓடுகிற ஒன்று வேண்டியிருந்தது. அம்மா அவர்கள் அந்தத் தண்ணீரை வசதியாக மறந்துவிட்டார்கள்.

சரி, எங்கள் பக்கத்துக்கு வருகிறேன். அசையும் சிற்பம், தொங்கும் சிற்பம் என்றால் என்ன? கோயிலில் கட்டியிருக்கும் மணியா? வாசலில் தொங்கும் தோரணமா? அதையெல்லாம் யாரும் சிற்பம் என்று சொன்னதில்லை. சிற்பம் என்றால் பீடம் வேண்டும், எடை வேண்டும், நிற்க வேண்டும். மேலை நாட்டிலும் இதுதான் இலக்கணம். இந்த இலக்கணத்தை உடைத்த முக்கியமான ஆள் அலெக்சாண்டர் கால்டர் என்ற அமெரிக்கர். 1898இலே பிறந்தவர்.

அவர் குடும்பத்தைக் கேளுங்கள். தாத்தா சிற்பி. பிலடெல்பியா நகர மன்றக் கோபுரத்தின் உச்சியிலே வில்லியம் பென்னுக்கு ஒரு வெண்கலச் சிலை, 37 அடி உயரம், அது தாத்தா செய்தது. அப்பாவும் சிற்பி. நியூயார்க்கிலே ஒரு வளைவில் ஜார்ஜ் வாஷிங்டன் கல்லாக நிற்கிறார், அது அப்பா செய்தது. இரண்டு தலைமுறையாக நிற்க வைத்த குடும்பம்! பேரன் என்ன செய்தார்? 1919இலே எஞ்சினியரிங் பட்டம் வாங்கினார். பிறகு கப்பலிலே கொதிகலன் அறை வேலைக்குப் போனார். 1922இலே குவாத்தமாலா கரையோரம் கப்பல் போகிறது. மேல்தளத்திலே கயிற்றுச் சுருள்மேல் படுத்துத் தூங்கி, விடியற்காலையில் கண் விழிக்கிறார். ஒரு பக்கம் சூரியன் எழுகிறது. மறுபக்கம் நிலா இன்னும் இருக்கிறது. நடுவிலே கடல், கடல் நடுவிலே இவர். நம்ம கன்னியாகுமரியிலே சித்திரா பௌர்ணமி அன்றைக்குச் சூரியன் இறங்குவதையும் நிலா ஏறுவதையும் ஒரே நேரத்தில் பார்க்கிறோமே, அது மாதிரி. நாம் பார்த்துவிட்டு முறுக்கு வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறோம். (சிரிப்பு) அவருக்கு அது வாழ்நாள் முழுக்க மனதிலே தங்கிவிட்டது. உருண்டைகள், அவற்றுக்கு இடையே தூரம், ஒன்றை ஒன்று பிடிக்காமல் பிடித்துக்கொண்டு சுற்றுவது... இதைச் செய்ய வேண்டும். கல்லிலே எப்படிச் செய்வது? கம்பியையும் தகட்டையும் எடுத்தார். தொங்கவிட்டார். காற்றுக்கு விட்டுவிட்டார்.

அதற்குப் பெயர் வைத்தவர் மார்செல் துஷாம் என்ற பிரெஞ்சுக் கலைஞர், 1931இலே. என்ன பெயர் தெரியுமா? மொபைல்! இன்றைக்கு மொபைல் என்றால் சட்டைப் பையில் கிடந்து, பட்டிமன்றத்தில் நான் முக்கியமான கட்டத்துக்கு வரும்போது அடிக்கிற ஒன்று. (சிரிப்பு) அன்றைக்கு அது சிற்பத்தின் பெயர்.

வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்திலே அவருடைய கடைசிப் பெரிய மொபைல் தொங்குகிறது. 76 அடி அகலம். முதலில் எஃகிலே போட்ட திட்டப்படி செய்திருந்தால் ஏறக்குறைய 3,000 கிலோ வந்திருக்கும். அவ்வளவு எடை என்றால், அங்கே அடிக்கிற இளங்காற்றுக்கு அசையாது. அதனால் விமானம் செய்கிற முறையிலே, தேன்கூடு போல உள்ளே வெற்றிடம் விட்ட அலுமினியத் தகட்டிலே செய்தார்கள். எடை 420 கிலோவுக்குக் கீழே வந்துவிட்டது. கால்டர் 1976இலே இறந்துபோனார். அடுத்த ஆண்டு அதைத் தொங்கவிட்டபோது அவர் இல்லை. அது இன்னும் மெதுவாகத் திரும்பிக்கொண்டிருக்கிறது, மோட்டார் கிடையாது.

நடுவர்: பேராசிரியர் அமெரிக்காவிலேயே சுற்றிக்கொண்டிருக்கிறாரே, மாமல்லபுரம் வருவதாகச் சொன்னீர்களே?

வந்துவிட்டேன் ஐயா. வண்டி செங்கல்பட்டைத் தாண்டியாச்சு. (சிரிப்பு)

ஜேனட் எக்கல்மன் என்று ஓர் அமெரிக்கப் பெண். ஓவியம் வரைகிறவர். ஏழு கலைக் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டார். ஏழும் முடியாது என்று சொல்லிவிட்டன. நம்ம வீடாக இருந்தால் என்ன சொல்லியிருப்போம்? ‘ஏழு இடத்திலே வேண்டாம்னுட்டான், பேசாம பாங்க் பரீட்சை எழுது’. (சிரிப்பு) அவர் தானாகவே வரைந்தார். பத்து வருஷம். அப்புறம் ஃபுல்பிரைட் என்கிற உதவித்தொகையிலே, 1997இலே, இந்தியாவுக்கு வருகிறார். வந்த இடம் நம்முடைய மாமல்லபுரம். இங்கே ஓவியக் கண்காட்சி நடத்துகிறேன் என்று வாக்குக் கொடுத்தாயிற்று. சாயத்தையெல்லாம் முன்கூட்டியே அனுப்பியாயிற்று. கண்காட்சி நாள் நெருங்குகிறது. அம்மா வந்து சேர்ந்துவிட்டார், சாயம் வந்து சேரவில்லை! பார்சல் தாமதமானதால் ஒரு கலை பிறந்தது என்றால் அது இதுதான்.

சிற்பத்துக்குப் பேர்போன ஊராயிற்றே என்று வெண்கல வார்ப்பு செய்து பார்க்கிறார். எடை அதிகம், செலவு அதிகம். பெரிதாக எதுவும் செய்ய முடியவில்லை. மனம் ஒடிந்துபோய்க் கடற்கரையிலே நடக்கிறார். மீனவர்கள் வலையை இழுத்து மணலில் குவியல் குவியலாகக் கட்டிப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். தினமும் பார்த்த காட்சிதான். அன்றைக்கு வேறாகத் தெரிகிறது. இவ்வளவு பெரிய உருவம். ஆனால் எடை இல்லை. உள்ளே காற்றுதான் இருக்கிறது. அட, இதுவல்லவா சிற்பம்!

அந்த மீனவர்களோடு சேர்ந்தே தன் முதல் வலைச் சிற்பத்தைச் செய்தார். அது தன்னுடைய உருவம்தான் என்று சொல்லி, ‘அகன்ற இடுப்பு’ என்று பெயரும் வைத்தார். இப்படித் தன்னையே கேலி செய்துகொள்ளும் தைரியம் நமக்கு வராது. (சிரிப்பு) படம் எடுக்கலாம் என்று கம்பத்திலே தூக்கிக் கட்டினார்கள். காற்று அடித்தது. வலை அசைந்தது. காற்றின் ஒவ்வொரு நெளிவும் அதிலே தெரிந்தது. அவருக்கு அதைவிட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லையாம்.

இப்போது நான் என் வெட்கத்தைச் சொல்ல வேண்டும்.

1998இலே நான் கல்லூரி வேலையில் சேர்ந்த புதிது. இளங்கலைத் தமிழ் மாணவர்களை மாமல்லபுரம் கூட்டிக்கொண்டு போனேன். அந்தப் பெண்மணி நின்ற அதே கரை. ஒரு வருஷம் பிந்தி. கடற்கரைக் கோயிலைக் காட்டி ராஜசிம்மன், எட்டாம் நூற்றாண்டின் தொடக்கம், கட்டுமானக் கோயில் என்று முழங்குகிறேன். தொண்டை கட்டிவிட்டது. மாணவர்களை நிறுத்திப் படம் எடுக்க வேண்டும். கோயில் முழுவதும் படத்தில் வர வேண்டுமே என்று கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டே பின்னால் போகிறேன், இன்னும் பின்னால் போகிறேன். காலுக்கடியில் ஏதோ மெத்தென்று இருக்கிறது. ஒரு சத்தம்: “சாரு! நில்லுங்க!”

காய வைத்த வலைமேல் செருப்புக் காலோடு நிற்கிறேன். ஒரு பெரியவர் கையிலே ஊசியோடு உட்கார்ந்து வலை பொத்திக்கொண்டிருந்தவர் எழுந்து வருகிறார். திட்டவில்லை. “பெருமாள் கோயிலுக்குப் போனீங்களே, செருப்பைக் கழட்டிட்டுத்தானே போனீங்க?” என்று மட்டும் கேட்டார். பிள்ளைகள் எல்லாம் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். நான் இறங்கினேன். மன்னிப்புக் கேட்டேனா? கேட்கவில்லை நடுவர் அவர்களே. ‘சரி சரி’ என்று சொல்லிவிட்டு, பேருந்திலே ஏறிப் பிள்ளைகளிடம் என்ன சொன்னேன் தெரியுமா? ‘பாருங்கப்பா, கலையின் அருமை தெரியாத ஜனங்கள். இவ்வளவு பெரிய சிற்பத்துக்குப் பக்கத்திலே உட்கார்ந்துகொண்டு, அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் இருக்கிறார்கள்.’

நான் முனைவர் பட்டம் வாங்கியவன். நெய்தல் திணையை வகுப்பிலே வரிவரியாகப் பிரித்துச் சொல்லுகிறவன். பரதவர் வலை உணக்குவதைச் சங்கப் புலவன் பாடினான் என்று தேர்விலே கேள்வி போடுகிறவன். வலை நேரிலே கிடந்தபோது மிதித்துக்கொண்டு நின்றேன். ஏழு கல்லூரி வேண்டாம் என்று தள்ளிய ஒரு பெண் அதைக் கும்பிடுகிற மாதிரி பார்த்துவிட்டுப் போயிருக்கிறாள்.

(கைதட்டல்)

கைதட்ட வேண்டாம். அது என் வெட்கம் என்று முதலிலேயே சொன்னேன்.

இப்போது காற்றுக்கு வருகிறேன். இதுதான் இந்த வழக்கிலே முக்கியமான சாட்சி. கடற்கரைக் கோயிலுக்குப் பகை எது? காற்று. உப்புக் காற்று அந்தக் கல்லைத் தேய்த்துத் தேய்த்து, எத்தனையோ முகங்களிலே இன்றைக்கு மூக்கும் இல்லை, விழியும் இல்லை. கருங்கல், ஆனாலும் எதிர்த்து நின்றது, அதனால் தேய்ந்தது. வலையை அதே காற்றுக்கு முன்னால் கட்டுங்கள். என்ன செய்கிறது? கண்ணி வழியாக முக்கால்வாசியைப் போ என்று விட்டுவிடுகிறது. மிச்சத்துக்கு வளைந்து கொடுக்கிறது. ஒரு முடிச்சிலே விழுகிற பாரத்தை நான்கு பக்கமும் பக்கத்து முடிச்சு வாங்கிக்கொள்கிறது. அது தன் பக்கத்துக்குக் கொடுக்கிறது. ஒரு முடிச்சு போனாலும் ஊர் விழாது. கூட்டுக் குடும்பம் மாதிரி. பழைய கூட்டுக் குடும்பம். இப்போது இருப்பது அல்ல. (சிரிப்பு)

ஆனால் மீன்வலையைக் கொண்டுபோய் ஒரு நகரத்தின் நடுவிலே நிரந்தரமாகக் கட்ட முடியுமா? வெயில் இருக்கிறது, உப்பு இருக்கிறது, புகை இருக்கிறது, புயல் இருக்கிறது. போர்ச்சுகல் நாட்டிலே போர்ட்டோ நகரத்தை ஒட்டிய கடற்கரைக்கு ஒரு சிற்பம் வேண்டும் என்று கேட்டபோது எக்கல்மன் இந்தச் சுவரிலேதான் முட்டிக்கொண்டார். தகுந்த நூலைத் தேடவே இரண்டு வருஷம். பாய்மரப் படகுப் போட்டிகளுக்குப் பாய் வடிவமைத்த பீட்டர் ஹெப்பல் என்ற விமானவியல் பொறியாளர் கைகொடுத்தார். தென்றலுக்கும் அசைய வேண்டும், புயலுக்கும் கிழியக்கூடாது. இரண்டும் ஒரே வலையிலே! மாப்பிள்ளைக்கு நிபந்தனை போடுகிற மாதிரி: அடக்கமாகவும் இருக்கணும், கம்பீரமாகவும் இருக்கணும். (சிரிப்பு) மீன்வலை செய்கிற தொழிற்சாலையோடு சேர்ந்து, அந்த எந்திரத்தை வைத்தே பூவேலை மாதிரி பின்னுவதற்கு வழி கண்டார்கள். 2005இலே வேலை முடிந்தது. 20 டன் எடையுள்ள எஃகு வளையத்திலிருந்து அந்த வலை தொங்குகிறது. அவர் வைத்த பெயருக்குத் தமிழ் ‘அவள் மாறுகிறாள்’. ஊர் ஜனங்கள் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. ‘அனேமோனா’ என்கிறார்கள், கடல் சாமந்தி என்று. ஜனங்கள் பெயர் வைத்துவிட்டால் அப்புறம் அதை மாற்ற முடியாது.

எதிரணியிலே கடைசியாகப் பேசின தம்பி ஒரு கேள்வி கேட்டார். நல்ல கேள்வி. ‘2004 டிசம்பர் 26, சுனாமி வந்தது. கடற்கரைக் கோயில் நின்றதா இல்லையா? வலையெல்லாம் எங்கே போயிற்று?’ என்றார். அரங்கமே கைதட்டியது. நானும் தட்டினேன். தம்பி, கோயில் நின்றது. உண்மை. வலை போயிற்று. படகு போயிற்று. நம்முடைய கரையெங்கும் வலை கட்டின கைகளும் போயின. அதைக் கைதட்டிக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. நான் தட்டின கையை இப்போது திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

ஆனால் ‘நின்றது’ என்கிறீர்களே, அதை விஞ்ஞானம் கொஞ்சம் திருத்துகிறது. பூமிக்கு அடியிலே அவ்வளவு பெரிய நடுக்கம் வரும்போது பாறைப் பாளங்கள் இடம் மாறுகின்றன. பூமியின் எடை கொஞ்சம் உள்ளே ஒடுங்குகிறது. சுழல் நாற்காலியிலே ஒரு பையன் கையை விரித்து உட்கார்ந்து சுற்றுகிறான் என்று வையுங்கள். கையை மார்போடு ஒடுக்கினால் என்ன ஆகும்? வேகமாகச் சுற்றுவான். பூமியும் அப்படித்தான். அந்த 2004 நடுக்கத்தால் ஒரு நாளின் நீளம் 2.68 மைக்ரோ வினாடி குறைந்தது என்று நாசா விஞ்ஞானிகள் 2005இலே கணக்குச் சொன்னார்கள். ஒரு வினாடியைப் பத்து லட்சம் கூறு போட்டால் அதிலே இரண்டே முக்காலுக்குக் கொஞ்சம் குறைவு. தம்பி, நீங்கள் ‘அசையவில்லை’ என்று சொல்லுகிற கோயில், அன்றிலிருந்து அந்த மயிரிழை அளவு வேகமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. அசையாத இடம் என்று ஒன்றைக் காட்டுங்கள், அங்கே கோயில் கட்டுவோம். (கைதட்டல்)

இந்தக் கணக்கைத்தான் எக்கல்மன் சிற்பமாக்கினார். 2010 பிப்ரவரி 27, சிலி நாட்டிலே 8.8 அளவு நிலநடுக்கம். ஒரு நாள் 1.26 மைக்ரோ வினாடி குறைந்தது என்று நாசா கணக்கு. அதே வருஷம் டென்வர் நகரத்திலே மேற்கு அரைக்கோளத்தின் 35 நாடுகளையும் இணைக்கிற மாதிரி ஒரு சிற்பம் வேண்டும் என்று கேட்டார்கள். அவர் யார் கொடியையும் செய்யவில்லை, யார் சிலையையும் செய்யவில்லை. அந்த நடுக்கத்திலிருந்து எழுந்த சுனாமி பசிபிக் முழுவதும் எப்படிப் பரவியது என்ற அளவுகளை வாங்கி, அந்த உருவத்தையே வலையாக்கினார். 230 அடி நீளம். பெயர் ‘1.26’. அவ்வளவுதான் பெயர். ஓர் ஊரின் தரையிலே விழுந்த அடி, எல்லா ஊரின் பகலையும் குறைத்துவிட்டது. இதைவிட 35 நாடு ஒன்று என்பதற்கு என்ன சொல்ல முடியும்?

அதிலே எஃகு வளையம் கிடையாது. அதே எடைக்கு எஃகைப் போலப் பதினைந்து மடங்கு உறுதியான இழையிலே கயிறு திரித்துக் கட்டினார்கள். கட்டடத்துக்கும் கட்டடத்துக்கும் நடுவிலே, துணிக்கொடி கட்டுகிற மாதிரி. வேலை முடிந்ததும் அவிழ்த்து மூட்டை கட்டிவிடலாம். அந்த மூட்டை சிட்னி போயிற்று, ஆம்ஸ்டர்டாம் போயிற்று, சிங்கப்பூர் போயிற்று. பஞ்சரதத்தை மூட்டை கட்டுவீர்களா ஐயா? ரதம் என்று பெயர், ஓர் அடி ஓடினதில்லை! (சிரிப்பு, கைதட்டல்)

2015இலே பாஸ்டன் நகரம். ஒரு காலத்திலே அந்த நகரத்தின் நடுவே ஒரு மேம்பாலச் சாலை போய், ஊரை இரண்டாகப் பிளந்து வைத்திருந்தது. சாலையைப் பூமிக்கு அடியிலே கொண்டுபோய்விட்டு மேலே பூங்கா அமைத்தார்கள். அந்தப் பூங்காவுக்கு மேலேதான் இந்த வலை. உச்சி 365 அடி. தம்பி தஞ்சைப் பெரிய கோயிலைச் சொன்னாரே, அதன் விமானம் 216 அடி என்பார்கள். நான் போட்டிக்குச் சொல்லவில்லை, அண்ணாந்து பார்க்கிற கழுத்து எவ்வளவு வலிக்கும் என்பதற்காகச் சொல்கிறேன். நூறு மைல் நீளத்துக்கு நூல். ஐந்து லட்சத்துக்கும் மேலே முடிச்சு. மொத்த எடை ஏறக்குறைய ஒரு டன். நம்ம ஊரிலே ஒரு சின்னக் கார்! நகரத்தின் இரண்டு பக்கத்துக் கட்டடங்களும் அதைச் சேர்ந்து தாங்கின. கீழே புல்லிலே மல்லாந்து படுத்துக்கொண்டு ஜனங்கள் பார்த்தார்கள். நின்று பார்க்கிற சிற்பத்துக்குக் கீழே யாராவது படுப்பார்களா?

‘அது இப்போது எங்கே?’ என்று நீங்கள் கேட்பீர்கள். நானே சொல்லிவிடுகிறேன். மே மாதம் கட்டினார்கள், அக்டோபரிலே அவிழ்த்துவிட்டார்கள். இல்லை. போய்விட்டது. உங்கள் கல் இருக்கிறது. இந்த ஒரு புள்ளியிலே நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் ஒன்றும் தருகிறேன். மாமல்லபுரத்துக்குப் பக்கத்திலே பூஞ்சேரி. அங்கே பாறையிலே சில பெயர்களைப் பொறித்திருக்கிறார்கள். கேவாதப் பெருந்தச்சன், குணமல்லன் என்று. அந்தக் கற்களைச் செதுக்கின சிற்பிகளின் பெயர்கள் என்பார்கள். ஆயிரத்து இருநூறு வருஷத்துக்கு மேலே ஆகியும் கல் அந்தப் பெயரைக் கையில் வைத்திருக்கிறது. 2011இலே எக்கல்மன் அமெரிக்காவிலே ஒரு பெரிய மேடையில் பேசினார். லட்சக்கணக்கானவர்கள் பார்த்த பேச்சு. மாமல்லபுரத்தைச் சொன்னார், மீனவர்களோடு சேர்ந்து செய்தேன் என்று மறைக்காமல் சொன்னார். மீனவர் என்றுதான் சொன்னார். பெயர் சொல்லவில்லை. வலைக்குப் பெயர் வைத்துக்கொள்ளத் தெரியாது. வலையிலே எதை எழுதினாலும் கண்ணி வழியாகப் போய்விடும். எங்கள் அணிக்கு இது ஒரு குறைதான். அந்தப் பூஞ்சேரிப் பாறையில் ஓர் ஓரமாக இடம் இருந்தால் நான் போய் எழுதிவிட்டு வருவேன். தொல்லியல் துறையார் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். (சிரிப்பு)

அந்தப் பேச்சை எனக்குக் காட்டினது என் மாணவி ஒருத்தி. ‘ஐயா, இது நம்ம கூட்டிட்டுப் போவீங்களே அந்த ஊர்’ என்று கைப்பேசியை நீட்டினாள். பார்த்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே பேருந்து ஏறிவிட்டேன். யாரையும் கூட்டிக்கொண்டு போகவில்லை. கோயிலுக்குப் போகவில்லை. நேரே மணல். செருப்பைக் கழற்றிக் கையிலே பிடித்துக்கொண்டேன். பழைய பெரியவர் இல்லை. இருபது வருஷத்துக்கும் மேலாயிற்றே. நாற்பது வயது இருக்கும், ஒரு தம்பி வலை பொத்திக்கொண்டிருந்தார். இப்போது வலை தொழிற்சாலையிலே எந்திரத்தில் வருகிறது, நைலான். ஆனால் கிழிந்தால் எந்திரம் வராது. கைதான் வர வேண்டும். பக்கத்திலே உட்கார்ந்தேன். பேராசிரியர் என்று சொன்னேன். “எதுல சார்?” என்றார். தமிழ் என்றேன். “அப்ப உங்களுக்கும் பொத்துற வேலைதான்” என்றார். (சிரிப்பு)

நான் பாஸ்டன் வலையின் படத்தைக் காட்டினேன். ஐந்து லட்சம் முடிச்சு என்றேன். படத்தை விரலால் பெரிதாக்கி, பெரிதாக்கிப் பார்த்தார். அழகைப் பார்க்கவில்லை, முடிச்சைப் பார்த்தார். “கண்ணி ஒரே அளவா வந்திருக்கு. நல்லாக் கட்டியிருக்காங்க. என்ன மீனு பிடிக்கிறாங்க?” என்று கேட்டார். காற்றைப் பிடிக்கிறார்கள் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார், ‘படிச்சவன் இப்படித்தான் பேசுவான்’ என்கிற மாதிரி.

ஊசியைக் கேட்டேன். கொடுத்தார். சட்டத்திலே நூலைச் சுற்றி, கண்ணிக்குள் விட்டு, சுற்றி இழுத்து ஒரு முடிச்சுப் போட்டேன். அவர் அதை இரண்டு விரலால் பிடித்து இழுத்தார். வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. “இது நிக்காது சார். பாக்க முடிச்சு மாதிரி இருக்கு, அவ்வளவுதான்.” அவிழ்த்தார். மறுபடி போட்டேன். மறுபடி அவிழ்த்தார். நூலை எவ்வளவு இறுக்க வேண்டும், எந்த இடத்திலே கட்டை விரலை வைத்து அழுத்த வேண்டும் என்று என் கையைப் பிடித்துக் காட்டினார். ஏழாவது தடவை இழுத்துப் பார்த்தார். நின்றது. அதை அவிழ்க்காமல் அப்படியே விட்டுவிட்டு அடுத்த கண்ணிக்குப் போய்விட்டார்.

நடுவர் அவர்கள் மணியை அடித்துவிட்டார்கள். மணியும் தொங்குகிறதுதான்.

(நீண்ட கைதட்டல்)